எட்டியம்மனின் வயது

21 ஜூலை, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கம்பெனி பஸ் லேட். ஏ.சி. ஓடவில்லை, ஜன்னலும் திறக்க வராத பஸ். வல்லம் தாண்டுவதற்குள் யூனிஃபார்ம் முதுகோடு ஒட்டிவிட்டது. இன்று ஏ ஷிப்ட்.

வாங்க வேண்டியது: உளுந்து, பாத்திரம் துலக்கும் சோப்பு, அண்ணனுக்கு சர்க்கரை மாத்திரை.

ஷிப்ட் முடிந்து ஊர் எட்டியம்மன் கோயிலுக்குப் போனேன். சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்களாம். கோயில் நிற்பது அரசு நிலம், கட்டடம் நேற்று கட்டிய கான்கிரீட், ஆகவே ஆக்கிரமிப்பு. பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டு, எஸ்டேட்டுக்கு நிலம் போன பணத்தில் ஊரே பெருமையாகக் கட்டிய கோயில். அன்றைக்குப் பெருமை, இன்றைக்கு அதுவே வினை.

அண்ணன் ஏழுமலைதான் பூசாரி. ப்ரெஸ் மெஷினில் வலது கையின் இரண்டு விரல் போன பிறகு எந்தக் கம்பெனியும் எடுக்கவில்லை. கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ரூமில்தான் இருக்கிறான். அண்ணி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன, பிள்ளை இல்லை. கோயில் போனால் வேலையும் போகும், வீடும் போகும்.

குறி போட வந்த ரெவின்யூ ஆபீஸ் ஆர்.ஐ. சார் கெட்டவர் இல்லை. "கட்டடம் புதுசும்மா, நான் என்ன பண்ண? சிலை ரொம்பப் பழசுன்னு சொல்றீங்க. மெட்ராஸ்லேர்ந்து நிபுணர் ஒருத்தர் ஒண்ணாம் தேதி வர்றாரு. அவரு பழசுன்னு எழுதிக் குடுத்தா, ரோட்டைத் தள்ளிப் போடச் சொல்லி நானும் மேல எழுதறேன். இல்லன்னா ஆடி முடிஞ்சதும் எடுத்துருவாங்க" என்றார்.

அவர் பைக் மறைந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீ மெட்டல் டெஸ்ட் பண்ற லேப்புலதான கீற தேவு? அம்மன் வயசு இன்னான்னு நீயே பாத்துச் சொல்லிடேன்" என்றான் அண்ணன்.

எங்கள் மெஷின் அலுமினியத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்லும். வயது சொல்லாது. சொல்லிப் பார்த்தேன். "மெஷினுக்குத் தெரியாதது உண்டா?" என்று ஒரு குரல். ஊரில் படித்தவளாக இருப்பது பெரிய பேஜார்.

22, செவ்வாய்

வானம் மூடியே கிடக்கிறது, மழை இல்லை.

லேபில் இசக்கியிடம் சொன்னேன். அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் இருக்கிறாள், என்னோடு ஒரே மேஜை. நான் ஒன்று சொன்னால் அவள் மூன்று கேட்பாள்.

"யக்கா, ஸ்பெக்ட்ரோல வச்சா அம்மன் மேல பொறி அடிச்சு வடு விழுமே. பாவம்லா?"

பாவம் மட்டுமா. அந்த மெஷினுக்கு அலுமினியம் தவிர எதுவும் தெரியாது. பிறகு அவளே யோசனை சொன்னாள். ஸ்கிராப் வருகிற இடத்தில் கையில் பிடிக்கிற துப்பாக்கி ஒன்று இருக்கிறது. லாரியில் வரும் பழைய உலோகத்தின் மேல் வைத்து அழுத்தினால் எது எவ்வளவு என்று காட்டிவிடும். வடு விழாது.

துப்பாக்கியை வெளியே எடுத்துப் போக முடியாது. அம்மன்தான் உள்ளே வர வேண்டும். எங்கள் சீனியர் கணேசன் சாரிடம் கேட்டேன். தலையைச் சொறிந்தார். "வெள்ளிக்கிழமை லஞ்ச் டைம்ல கொண்டாந்து பாத்துட்டு உடனே எடுத்துட்டுப் போயிடு. பிரிண்ட் எல்லாம் கேக்கக் கூடாது" என்றார். சரி என்றேன். அன்று ஆடி வெள்ளி என்பது பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.

24, வியாழன். அமாவாசை

பர்மிஷன் போட்டு சீக்கிரம் வந்தேன். கோயிலில் கூட்டம். எல்லோரும் போன பிறகு அண்ணன் திரையை இழுத்து மூடி, "உள்ள வா. நீ பொம்பளதான, பாத்தா தப்பில்ல" என்றான்.

புடவை இல்லாமல், மாலை இல்லாமல், சந்தனக்காப்பு இல்லாமல் அம்மனை முதல் தடவையாகப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து கும்பிடுகிறேன், இவ்வளவு ஒல்லி என்று தெரியாது.

முழங்கை உயரம்தான். மூக்கு தேய்ந்து முகத்தோடு போய்விட்டது. முழங்கால் இரண்டும் அப்படியே. எத்தனை பேர் கை வைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தால் உலோகம் இப்படி இழையும். இடுப்பு மடிப்பில், காது ஓரத்தில், பீடத்தின் அடியில் கறுப்பும் பச்சையுமாக ஏதோ படிந்து கல்லாகியிருக்கிறது. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. இடது கையில் ஒரு விரல் ஒடிந்திருக்கிறது. அண்ணன் அந்த இடத்தைக் காட்டிச் சிரித்தான். "எனக்கு ரெண்டு, அவளுக்கு ஒண்ணு."

எங்கிருந்து வந்தாள் என்பதற்கு ஊரில் இரண்டு கதை. ஏரியில் மீன்வலையில் மாட்டினாள் என்பது ஒன்று. பக்கத்து ஊரிலிருந்து நம் ஆட்கள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்லும்போதுதான் எல்லோர் முகத்திலும் களை.

பார்க்கப் பார்க்கப் பயமாக இருந்தது. இவள் பழசு. எனக்கு அது நிச்சயம். எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை.

போட்டோ எடுக்க போனை எடுத்தேன். அண்ணன் கையைத் தட்டிவிட்டான். "துணி இல்லாத பொம்பளைய போட்டோ எடுப்பியா?"

25, வெள்ளி



அண்ணன் விடியலிலேயே அம்மனுக்குப் புதுப் பாவாடை கட்டி, மஞ்சள் துணியில் சுற்றி, என் மடியில் வைத்தான். ஆட்டோவில் போனேன். சாயங்காலம் கூழ் ஊற்றுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று ஏற்பாடு.

கேட்டில் செக்யூரிட்டி. "இன்னா மேடம் இது?"

"அம்மன்."

"அம்மன்னு சிஸ்டத்துல ஐட்டம் இல்லியே."

தேடினார். சிலை இல்லை, விக்கிரகம் இல்லை. உள்ளே வரும் உலோகம் என்றால் பட்டியலில் ஒன்றுதான். பித்தளை ஸ்கிராப் என்று அடித்து, எடை போட்டு, பாஸ் கொடுத்தார். நானும் அவசரத்தில் வாங்கிக்கொண்டு ஓடினேன்.

லஞ்ச் டைம். ஸ்கிராப் கூண்டின் பக்கத்தில் மேஜை. இசக்கி சேஃப்டி ஷூவைக் கழற்றிவிட்டு, அதற்குத் திட்டும் வாங்கிக்கொண்டு, துப்பாக்கியைப் பிடித்தாள். முதுகில் ஒன்று, பீடத்தில் ஒன்று. செம்பு நிறைய. வெள்ளீயம் கொஞ்சம், காரீயம் கொஞ்சம். துத்தநாகம் இல்லாத மாதிரிதான்.

"யக்கா, கடையில விக்கிற பித்தளைச் சாமின்னா துத்தநாகம் எகிறும்லா? இது பழசுதான்க்கா!"

ஒரு நிமிஷம் சந்தோஷத்தில் அவளைக் கட்டிக்கொண்டேன். கணேசன் சார் எட்டிப் பார்த்துவிட்டு, "பழைய பாத்திரத்தை உருக்கி இன்னைக்கு வார்த்தாலும் இதே ரீடிங்தான் வரும் தேவகி. கலவை தெரியும், தேதி தெரியாது" என்றார். அவர் சொல்வது சரி. திங்கட்கிழமை நான் ஊரில் சொன்னதும் அதுதானே. ஆனாலும் அவர் வாயிலிருந்து கேட்டபோது அழுகை வந்தது.

அதற்குப் பிறகுதான் கூத்து. கேட்டில் வெளியே விடவில்லை. ஸ்கிராப் என்று உள்ளே வந்தது கம்பெனிச் சொத்து. வெளியே போக ஸ்டோர்ஸ் மேனேஜர் ஒப்புதல் வேண்டும். அவர் மதியமே கிளம்பிவிட்டார், போன் எடுக்கவில்லை. கணேசன் சார் பேசினார். ஹெச்.ஆரில் பேசினோம். செக்யூரிட்டி கையைப் பிசைந்தார். "என் வேல போயிடும் மேடம். நானும் கும்புடறவன்தான்."

ஆடி வெள்ளிக்கிழமை எங்கள் எட்டியம்மன் ஸ்கிராப் கூண்டில், பழைய ரேடியேட்டர்களுக்கு நடுவில், பூட்டின கதவுக்குள். பூட்டியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோயிலுக்கு வந்தபோது கூழ்க்குடங்கள் வரிசையாக இருந்தன. அண்ணன் பீடத்தில் ஒரு சொம்பை வைத்து, வேப்பிலை செருகி, மஞ்சள் பூசியிருந்தான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வரிசையில் இரண்டு பெண்கள்:

"அம்மன் எங்கடி?"

"கம்பெனிக்குப் போய்க்கீறா."

"ஆடி வெள்ளிக்குக் கூடவா டூட்டி?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அண்ணன் அதைக் கேட்டும் சிரிக்கவில்லை.

26, சனி

மேனேஜர் காலையில் வந்தார், ஒரே வரியில் ஒப்புதல். நேற்றே போன் எடுத்திருந்தால் என்ன என்று கேட்க வாய் வரை வந்தது. சம்பளம் வாங்குகிற வாய், மூடிக்கொண்டது.

கூண்டைத் திறந்தபோது கம்பியில் மல்லிகைச் சரம். காலையில் ஹாஸ்டலிலிருந்து வருகிற வழியில் இசக்கி வாங்கி வந்து கட்டியிருக்கிறாள். அம்மன் காலடியில் இரண்டு பிஸ்கட், ஒரு வாழைப்பழம். கான்ட்ராக்ட் வேலைக்கு வந்த ஒடிசாப் பையன்கள் கம்பி வழியாகக் கை விட்டு வைத்ததாம். ஒருவன் என்னிடம் ஏதோ கேட்டான். புரியவில்லை. கையைக் கூப்பிக் காட்டினேன், அவனும் கூப்பினான்.

மேலே எங்கிருந்தோ கிரீஸ் சொட்டியிருக்கிறது. தோளில், கூந்தலில், மஞ்சள் துணி முழுக்க. துடைத்துப் பார்த்தேன், இன்னும் பரவியது.

அண்ணன் வாங்கிக்கொண்டான். ஒரு வார்த்தை திட்டவில்லை. குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கி, முகர்ந்து பார்த்து, "எண்ண நாத்தம்" என்றான். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

27, ஞாயிறு

ஓ.டி. மாட்டேன் என்றால் அடுத்த மாதம் லிஸ்டில் பேர் இருக்காது. போனேன்.

திரும்பி வருவதற்குள் ஊர்க் கூட்டம் முடிந்திருந்தது. பக்கத்து வீட்டு லட்சுமி சொன்னாள். பால், தயிர், மஞ்சள், புளி எல்லாம் போட்டு அபிஷேகம் பண்ணியும் கிரீஸ் போகவில்லை. காயலான் சாமானோடு படுத்தவள், தீட்டு கழிக்க வேண்டும் என்று பெரியவர்கள். லட்சுமியின் வீட்டுக்காரன் பாபு எழுந்து, "எங்க கடைக்கு எடுத்துக்கினு போறேன். கிரீஸெல்லாம் ஒரு செகண்ட்ல பூடும். நாளிக்கு ஆடிப்பூரம், வளையலு போடறதுக்குள்ள கொண்டாந்துடறேன்" என்றானாம்.

பாபு வேலை பார்ப்பது பிள்ளைப்பாக்கம் பக்கம் ஒரு சின்ன ப்ளேட்டிங் பட்டறை. பைக் சாமான்களுக்கு நிக்கல் பூசுகிற இடம்.

"எப்போ எடுத்துப் போனான்?"

"அவரு மத்தியானமே கெளம்பிட்டாரு. அண்ணந்தான் தூக்கிக் குடுத்துச்சு."

பாபுவுக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். இரண்டு தடவை, மூன்று தடவை. கிரீஸ் போக்கத்தான் போயிருக்கிறான், சோப்புத் தண்ணீரில் அலசி எடுத்து வருவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.  படுக்கிறேன்.

28, திங்கள். ஆடிப்பூரம்

நல்ல வெயில். ஏன் இன்றைக்குப் பார்த்து இப்படி ஒரு வெயில்.

பி ஷிப்ட், ஆகவே காலையில் கோயிலில் இருந்தேன். பாபு பைக்கில் வந்தான். பின்னால் லட்சுமி, மடியில் சிவப்புப் பட்டு. பீடத்தில் வைத்துப் பட்டை விலக்கினார்கள்.

பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் "ஆ" என்றார்கள். குலவை போட்டார்கள். வெயில் அவள் மேல் பட்டு எதிர்ச் சுவரில் ஒளி ஆடியது. கண் கூசியது. தலை முதல் பீடம் வரை வெள்ளையும் மஞ்சளுமாகப் புத்தம் புது ஷோரூம் பளபளப்பு.

ஆசிட்டில் முக்கி எடுத்திருக்கிறார்கள். பிறகு மெருகேற்றுகிற பஃப் சக்கரத்தில் பிடித்திருக்கிறார்கள். பிறகு நிக்கல். அதற்கு மேல் தங்கம் மாதிரி தெரிகிற ஒரு பூச்சு. பட்டறை முதலாளியே தேங்காய் உடைத்து ஆரம்பித்து வைத்தாராம். யாரும் காசு வாங்கவில்லை. தொட்டியில் இறக்குவதற்கு முன்னால் எல்லோரும் குளித்துவிட்டு வந்தார்களாம்.

"ஒரு புள்ளி வுடலக்கா. மடிப்புல, காதுல, அடில எல்லாம் கறை புடிச்சிக்கினு கெடந்துது. எல்லாத்தியும் எடுத்துட்டேன். பீடத்த கவுத்துப் போட்டுப் பாரு, அடிலகூட மின்னும்" என்றான் பாபு. கண் சிவந்திருந்தது. ராத்திரி தூங்கவில்லை.

அந்தக் கறைதான் அவளுடைய வயது. அதை இவனிடம் எப்படிச் சொல்வது?

அண்ணன் என்னை இழுத்துப்போய் முன்னால் நிறுத்தினான். "பாத்தியா? எப்டி கீறா? நிபுணரு வந்து பாக்கட்டும். அசந்து போவாரு."

வாஸ்தவம்.

வளையல் போட்டார்கள். பச்சை, சிவப்பு, கண்ணாடி வளையல் கழுத்து வரை. எல்லோருக்கும் சந்தோஷம்.  நானும் இரண்டு வளையல் வாங்கிப் போட்டேன்.

29, செவ்வாய்

நேற்று சொல்லவில்லை. இன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேலைக்குப் போகும் முன் அண்ணனிடம் சொன்னேன். பழசு என்று காட்ட நமக்கு இருந்தது அந்தப் பச்சையும் கறுப்பும்தான், அது இப்போது பட்டறைச் சாக்கடையில் இருக்கிறது என்று.

முதலில் நம்பவில்லை. "அழுக்கப் பாத்தா வயசு சொல்வாங்க?"

"அழுக்கு இல்லணா. செம்பு அத்தன வருஷம் காத்துல, தண்ணில கெடந்து தானா வர்றது அது. அத்த ஒரே நாள்ல யாராலயும் வர வெக்க முடியாது."

"திருப்பி வர வெக்க இன்னா பண்ணணும்?"

கேட்டதுமே அவனுக்கே புரிந்தது. உட்கார்ந்துவிட்டான்.

லேபில் இசக்கியிடம் சொன்னதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏ ஆத்தி. இப்பம் அந்தத் துப்பாக்கிய வச்சா பாத்ரூம் கொழாய்னுல்லா காட்டும்." பிறகு அவளே, "சும்மா சொன்னேன்க்கா, வருத்தப்படாதிய" என்றாள். வருத்தப்படவில்லை. உண்மை அதுதான்.

30, புதன்

காலையில் வீடு வீடாகப் போய் பழைய போட்டோ கேட்டேன். கல்யாண ஆல்பம், திருவிழா பேனர், காலண்டர், வாட்ஸ்அப். நிறையக் கிடைத்தன. எல்லாவற்றிலும் அம்மன் சந்தனக்காப்பில், பட்டுப்புடவையில், எலுமிச்சை மாலையில். தெரிகிறதெல்லாம் இரண்டு கண்மலர். மேனி தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை. இருந்தால்தான் ஆச்சரியம்.

மழை வருகிற மாதிரி இருட்டி, நாலு தூறல், போய்விட்டது.

சர்க்கரை மாத்திரை வாங்கியாயிற்று. அண்ணன் சாப்பிடுகிறானா என்று தெரியவில்லை.

1 ஆகஸ்ட், வெள்ளி

லீவு. சம்பளம் பிடிப்பார்கள், பிடிக்கட்டும்.

நிபுணர் வந்தார். வயதானவர், சன்னமான குரல், கையில் ஒரு பூதக்கண்ணாடி, சின்ன டார்ச். ஆர்.ஐ. சார் கூட வந்தார். நிபுணர் செருப்பை வெளியே விட்டு, கால் கழுவிவிட்டு உள்ளே வந்து முதலில் கும்பிட்டார். அதுவே எனக்குப் பெரிய நம்பிக்கை.

அண்ணன் திரையை விலக்கினான். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார், அவ்வளவுதான்.

"யார் பண்ணது?"

பாபு பின்னாலிருந்து கை தூக்கினான். அண்ணன் அவனிடம் மூன்று நாளாகப் பேசவில்லை. ஆனாலும் வந்து நின்றான்.

"நல்லாப் பண்ணியிருக்கீங்க" என்றார் நிபுணர். கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

ரொம்ப நேரம் பார்த்தார். மடிப்பு, காது, கழுத்து. தலைகீழாகப் புரட்டி அடியைப் பார்த்தார். பாபு சொன்னது நிஜம், ஒரு புள்ளி மிச்சமில்லை. நான் துப்பாக்கி ரீடிங்கைச் சொன்னேன். தலையாட்டினார். அது பழசு இல்லை என்று சொல்லாது, பழசு என்றும் சொல்லாது என்றார். போனில் இருந்த படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "எல்லாமே அலங்காரம்" என்று திருப்பிக் கொடுத்தார்.

ஆர்.ஐ. சார்: "என்ன சார் எழுதறது?"

"பழமை உறுதி செய்ய இயலவில்லைன்னு எழுதிக்கோங்க."

இயலவில்லை. ஒரே வார்த்தை. அண்ணன் என்னைப் பார்த்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டும் என்கிற மாதிரி. எல்லோருக்கும் அர்த்தம் தெரிந்துதான் இருந்தது.

வெளியே குழாயடியில் நிபுணருக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். மற்றவர்கள் உள்ளே இருந்தார்கள். கேட்டுவிட்டேன். "சார், உங்க மனசுக்கு என்ன தோணுது?"

கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நிக்கிற நிலையைப் பாத்தா பழசுன்னுதான் தோணுது. ரொம்பவே பழசு. தோணறதை வச்சு நான் கையெழுத்துப் போட முடியாதும்மா."

பிறகு சொன்னார். "இன்னொண்ணு சொல்றேன், கேளு. பழசுன்னு நான் எழுதியிருந்தா கோயிலை விட்டுவெப்பாங்க. சிலையை விடமாட்டாங்க. காவல் இல்லாத கோயில்ல பழைய சிலையை வெக்க அனுமதி இல்லை. அன்னிக்கே ஜீப்ல ஏத்தி, பாதுகாப்பு மையத்துல கொண்டுபோய்ப் பூட்டியிருப்பாங்க."

"அப்போ எப்படிப் பாத்தாலும்..."

"ஆமாம்" என்றார்.

கார் போன பிறகும் கையில் சொம்போடு நின்றேன். இத்தனை நாள் எதற்கு ஓடினேன் என்றே புரியவில்லை. பழசு என்றால் அவள் போவாள். பழசு இல்லை என்றால் இடம் போகும். இதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

2, சனி

அண்ணன் பாபுவை வாசலில் நிறுத்திக் கேட்கக்கூடாததெல்லாம் கேட்டுவிட்டானாம். "அம்மன ஆசிட்ல போட்டுப் பொசுக்கின கையி வெளங்குமாடா" என்றெல்லாம். விரல் போன கையை நீட்டிக்கொண்டு அப்படிக் கேட்டால் யாருக்குத்தான் தாங்கும்.

லட்சுமி வந்து அழுதாள். "அவரு வேலைக்கும் போவல, சோறும் துன்னல. நல்லதுக்குத்தானக்கா பண்ணாரு. நீயாச்சும் அண்ணங்கிட்ட சொல்லுக்கா."

சொல்லத்தான் வேண்டும். நிபுணர் சொன்னதை நேற்றே அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பளபளப்பு இல்லாவிட்டால் அம்மன் இன்றைக்கு எங்கேயோ ஒரு இரும்பு அறையில் இருந்திருப்பாள். இதைக் கேட்டால் பாபு மேல் இருக்கிற கோபம் ஆறும். அம்மனாவது மிஞ்சினாள் என்று அவனுக்கும் ஒரு ஆறுதல்.

நாளை சொல்கிறேன்.

3, ஞாயிறு. பதினெட்டாம் பெருக்கு

ஓ.டி.க்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். லிஸ்டில் பேர் போனால் போகட்டும்.

ஏரியில் இந்த வருஷம் தண்ணீர் உண்டு. பெண்கள் தாலிச்சரடு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் கம்பெனி சுவர், ஒரு பக்கம் ஏரி, நடுவில் ஒரு கை அகலத்துக்கு மணல். அங்கே நின்றும் தண்ணீரில் விளக்கு விட்டார்கள்.

ஆர்.ஐ. சார் வந்து போனார். ஆடி கடைசி வரைக்கும் கை வைக்கமாட்டார்களாம், அது அவர் சொந்தப் பொறுப்பில் வாங்கிக் கொடுத்த தவணை. "சிலையை நீங்களே எடுத்துக்கலாம். கவர்மென்ட்டுக்கு அதுல ஒண்ணும் இல்ல" என்றார்.

யார் வீட்டில் வைப்பது என்று பேச்சு.  எட்டியம்மன் உக்கிரம், வீட்டில் வைத்தால் ஆகாது என்று ஒருவர். வாடகைக்கு இருக்கிற பையன்கள் குடித்துவிட்டு வருகிறார்கள், மாடியில் வைக்க முடியாது என்று ஒருவர். ஆளாளுக்கு ஒரு நியாயம். பெரிய கோயிலில் ஒரு மூலை கேட்டுப் பார்க்கலாம் என்று முடித்தார்கள்.

எல்லோரும் கலைந்த பிறகு அண்ணனுக்குச் சோறு போட்டேன். தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம். கொஞ்சம் சாப்பிட்டான். அப்போது சொன்னேன். நிபுணர் குழாயடியில் சொன்னது எல்லாம், ஒன்று விடாமல். பாபு அப்படிப் பண்ணியதால்தான் அவள் இன்னும் இங்கே இருக்கிறாள், அவனைத் திட்டாதே என்றும் சொன்னேன்.

கையை இலையிலேயே வைத்துக்கொண்டு கேட்டான்.

"பழசுன்னு எழுதியிருந்தா கோயிலு நின்னிருக்குமா?"

"நின்னிருக்கும்னு சொன்னாரு."

"பின்னால ரூமு?"

"அதுவும்தான்."

எழுந்து கை கழுவிவிட்டு வந்தான். அவளைப் பார்த்து நின்றான். நான் எதிர்பார்த்தது வேறு. அழுவான், பாபுவைக் கூப்பிட்டு அனுப்பச் சொல்வான் என்று நினைத்தேன்.

"எடுத்துக்கினு போயிருக்கட்டும் தேவு" என்றான்.

"இன்னாணா சொல்ற?"

"நெஜமாத்தான் சொல்றேன். அவளுக்கு இன்னா கொற? எங்க வெச்சாலும் அவ அம்மன். கூண்டுல பூட்டினாங்களே, அங்கயே எவனோ பிஸ்கட்டு வெச்சான். என்னிய எங்க வெப்ப?"

சொன்னவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு திரையை இழுத்து மூடிவிட்டு, படியில் வந்து உட்கார்ந்தான்.

எங்கள் வீட்டுக்கு வா என்று சொல்ல வாய் திறந்தேன். எங்களுக்கு ஒரே ரூம். என் வீட்டுக்காரர் சி ஷிப்ட் முடிந்து வந்து பகலெல்லாம் தூங்குவது அதில்தான், பாப்பா படிப்பதும் அதில்தான். வீட்டு ஓனர் ஆள் கூடினாலே கேட்பார். இதெல்லாம் ஒரு நொடியில் ஓடி, திறந்த வாய் அப்படியே நின்றது.

அண்ணன் அதைப் பார்த்துவிட்டான்.